ஆறிப்போன காபியும் ‘பார்க்கலாம்’ என்ற பதிலும்

வாசகியின் கடிதம்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், லீஹை நகரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். கணவருக்கு மென்பொருள் நிறுவனத்தில் வேலை, இவர் கணவரைச் சார்ந்து தங்கும் ஹெச்-4 விசாவில் இருக்கிறார். ஒன்பது வயதில் ஒரு மகன். மாமியார் ஆறு மாதம் தங்கிப் போக ஊரிலிருந்து வந்திருக்கிறார்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை, வெள்ளைச் சட்டையும் டையும் மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டையுமாக, மார்மன் சபை ஊழியம் செய்யும் இரண்டு இளைஞர்கள் வந்தார்களாம். இவர் கணவர் காருக்கு முன்னால் குவிந்திருந்த பனியை அள்ளிக்கொண்டிருந்ததைப் பார்த்து, கேட்காமலே மண்வெட்டியை வாங்கி அரை மணி நேரம் உதவியிருக்கிறார்கள். மாமியாருக்கு மனசு நிறைந்துவிட்டது. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, ஊரிலிருந்து கொண்டுவந்த தூளில் டிகாக்‌ஷன் இறக்கி, டபரா டம்ளரில் நுரை பொங்கக் காபி கொண்டுவந்து வைத்தார். இருவரும் நன்றி சொல்லிவிட்டு, வேண்டாம் என்று தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார்கள். காபி ஆடை படிந்து ஆறிப்போனது. “நம்ம வீட்டுல கை நனைக்க மாட்டாங்களோ” என்று மாமியாருக்கு முகம் சுண்டிவிட்டது.

இரண்டாம் முறை அவர்கள் வந்தது ஒரு வாரநாளில். கணவர் ஆபீஸில் இருந்தார். உள்ளே வாருங்கள் என்று எத்தனை முறை சொல்லியும் வராமல், குளிரில் வாசலில் நின்றே பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள். மாமியாரின் சந்தேகம் உறுதியானது. மூன்றாம் முறை, சனிக்கிழமை மாலை, கணவர் வீட்டில் இருந்தபோது வந்து ஆளுக்கு ஐந்து தோசை சாப்பிட்டார்கள். போகும்போது ஒரு புத்தகத்தைக் கொடுத்து, “அடுத்த வாரம் வந்து இதைப் பற்றிச் சொல்லட்டுமா?” என்று கேட்டார்கள். இவர் மரியாதைக்கு ‘பார்க்கலாம்’ என்ற பொருளில் ஏதோ சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு நான்கு முறை வந்துவிட்டார்கள். இப்போது மகன் சாப்பிடும் முன் கைகளைக் கட்டிக் கண்ணை மூடிக்கொள்கிறான். கணவர், “வீட்டுக்குள்ள விட்டது நீங்க ரெண்டு பேரும்தான், மதம் மாத்தாம விடமாட்டாங்க” என்று சத்தம் போடுகிறார்.

‘அவர்கள் ஏன் காபியை மறுத்தார்கள்? என்ன கொடுத்தால் சாப்பிடுவார்கள்? சோறு போட்டால் நாம் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடுமா? வரவேண்டாம் என்று சொன்னால் அக்கம்பக்கத்தில் ஒதுக்கிவிடுவார்களா, விசாவுக்கு ஏதாவது வருமா? பிள்ளையிடம் என்ன சொல்வது?’ என்று கேட்டிருக்கிறார்.

ஆலோசகரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமியாரிடமிருந்து ஆரம்பிக்கிறேன். கடிதத்தில் அதிகம் காயப்பட்டிருப்பவர் அவர்தான். ‘கை நனைப்பது’ என்ற சொல் நம் ஊரில் வெறும் சாப்பாட்டைக் குறிப்பதில்லை. யார் வீட்டில் யார் கை நனைப்பார்கள், யார் நனைக்கமாட்டார்கள் என்பதில் எத்தனை அவமானங்கள் நடந்திருக்கின்றன என்பது அவர் வயதுக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த நினைவோடு இருப்பவருக்கு, தொடாமல் ஆறிப்போன ஒரு டம்ளர் காபி எப்படித் தெரிந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த இரண்டு பையன்களும் மறுத்தது காபியை மட்டும்தான். அதே வீட்டில் ஆளுக்கு ஐந்து தோசை சாப்பிட்டவர்கள் அவர்கள்.

யூட்டாவுக்கு வந்த புதிதில் எனக்கும் இது நடந்தது. பக்கத்து வீட்டு அம்மா, சுடச்சுட ரொட்டி செய்து எடுத்துக்கொண்டு வந்தார். நான் இஞ்சி, ஏலக்காய் தட்டிப்போட்டு டீ வைத்துக் கொடுத்தேன். அவர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தார். ஒரு வாய் குடிக்கவில்லை. கீழேயும் வைக்கவில்லை, வைத்தால் எனக்கு வருத்தமாகுமே என்று. அரை மணி கழித்து, மெதுவாக, “இந்த வாசனை ரொம்பப் பிடித்திருக்கிறது. இதே இஞ்சியை வெறும் வெந்நீரில் போட்டுத் தருவீர்களா?” என்று கேட்டார். அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது.

காபி ஏன் கூடாது

நாம் மார்மன்கள் என்று சொல்பவர்களின் சபையின் முழுப்பெயர் ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை’. 2018 முதல், தங்களை இந்த முழுப்பெயரால் அழைக்கும்படி சபைத் தலைமை கேட்டுவருகிறது. ஜோசப் ஸ்மித் 1830-ல் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கிய சபை இது. பிரிகாம் யங் தலைமையில் 1847-ல் நடந்தும் மாட்டுவண்டியிலும் சால்ட் லேக் பள்ளத்தாக்குக்கு வந்துசேர்ந்தார்கள். உங்கள் தெருவில் பாதிப் பேருக்கு மேல் இந்தச் சபையைச் சேர்ந்தவர்களாக இருந்தால் அதற்குக் காரணம் அந்தப் பயணம்தான்.

அவர்களுடைய உணவு ஒழுக்கத்துக்கு ‘ஞான வார்த்தை’ என்று பெயர். 1833 பிப்ரவரி 27-ம் தேதி, ஒஹையோவில் கர்ட்லண்ட் என்ற ஊரில், ஜோசப் ஸ்மித் அதைக் கடவுளின் வெளிப்பாடாகப் பெற்றார் என்பது அவர்கள் நம்பிக்கை. அதன் பின்னணியைப் பிரிகாம் யங் பிற்பாடு சொல்லியிருக்கிறார். ஒரு கடைக்கு மேல் மாடியில் இருந்த சின்ன அறையில் ஆண்கள் கூடிப் பாடம் கேட்பார்கள். புகைக்குழாயைப் பற்றவைப்பார்கள், புகையிலையை மென்று தரையெல்லாம் துப்புவார்கள். அதைத் துடைத்துச் சுத்தம் செய்வது ஜோசப்பின் மனைவி எம்மா பாடு. அவருடைய முறையீட்டிலிருந்துதான் அந்தக் கேள்வியே எழுந்ததாம். ஒரு பெண் தரையைத் துடைத்துத் துடைத்து அலுத்துப்போனதிலிருந்து இத்தனை பெரிய வழக்கம் பிறந்தது என்பது எப்போது நினைத்தாலும் என் மனதைத் தொடும்.

மது, புகையிலை, ‘சூடான பானங்கள்’ மூன்றும் வேண்டாம் என்கிறது அது. சூடான பானம் என்றால் காபியும் டீயும்தான் என்று ஆரம்ப காலத் தலைவர்களே விளக்கிவிட்டார்கள். சூடு இங்கே கணக்கே இல்லை. ஐஸ் போட்ட காபியும் கூடாது, ஐஸ் டீயும் கூடாது, க்ரீன் டீயும் கூடாது; 2019-ல் இதை மறுபடி தெளிவாக எழுதினார்கள். சுடச்சுடச் சாக்லேட் பால் குடிக்கலாம். முதலில் அறிவுரையாகச் சொல்லப்பட்டது, காலப்போக்கில் கட்டாயம் போல ஆகி, 1921 முதல் அவர்களுடைய ஆலயத்துக்குள் நுழையும் தகுதிக்கே நிபந்தனையானது. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இந்தச் சபையில் இருக்கும் நம் தமிழர்களுக்கும் இதே விதிதான். காபி வாசத்தில் கண் விழித்து வளர்ந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை உங்கள் மாமியாரே சொல்லிவிடுவார்.

உங்கள் கணவர், “கோலா மட்டும் பக்கெட் பக்கெட்டா குடிக்கறாங்களே” என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இது பலருக்கும் உள்ள குழப்பம். கேஃபீனைத் தடை செய்திருக்கிறார்கள் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். விதியில் கேஃபீன் என்ற சொல்லே கிடையாது. கோலா பானங்களுக்குத் தடை இல்லை என்று 2012-ல் சபையே விளக்கியது. ப்ரோவோவில் இருக்கும் அவர்களுடைய பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் 2017 முதல் அதை விற்கவும் தொடங்கினார்கள். காபிக்கடையில் கூட முடியாத ஊரில் இளைஞர்கள் சோடாக் கடையில் கூடுகிறார்கள். தேங்காய் சிரப்பும் எலுமிச்சையும் கலந்து கோலா விற்கும் அந்தக் கடைகளை லீஹையில் நீங்களே பார்த்திருப்பீர்கள். விரத நாளில் வெங்காயத்தை விலக்கிவிட்டு உருளைக்கிழங்கைச் சேர்த்துக்கொள்கிறோம் இல்லையா? வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அதுவும் புரியாது.

இன்னொன்று. பக்கத்து வீட்டார் வாழைப்பழ ரொட்டி கொண்டுவந்தபோது, முட்டை போட்டிருப்பார்கள் என்று மாமியார் தொடவில்லை, நீங்கள் சொல்லாமல் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டீர்கள் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதை அவரிடம் மெதுவாக நினைவுபடுத்துங்கள். குத்திக்காட்டுவது போல வேண்டாம். “நீங்க முட்டையை வேண்டாம்னீங்க, அந்த அம்மாவை இல்லையே அத்தை. அந்தப் பசங்களும் அப்படித்தான்” என்று சொன்னால் போதும். அவருக்குப் புரியும்.

ஏன் உள்ளே வரவில்லை

இந்த இரண்டாவது மறுப்புக்கும் காரணம் விதிதான். ஊழியம் செய்யும் நாட்களில் இருவரும் ஒருவரை விட்டு ஒருவர் பிரியக்கூடாது. பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்குள், தங்களைத் தவிர இன்னொரு வயதுவந்த ஆண் இல்லாமல் அந்த இளைஞர்கள் நுழையமாட்டார்கள். உங்களுக்கும் அது பாதுகாப்பு, அவர்களுக்கும் பாதுகாப்பு. குளிரில் நின்றார்களே என்று மாமியாருக்குப் பாவமாக இருந்தால், இரண்டு டம்ளர் சூடான பாதாம் பாலை வாசலிலேயே கொடுக்கலாம். உள்ளே வரச் சொல்லி வற்புறுத்த வேண்டாம்.

இருவர் மார்பிலும் ‘எல்டர்’ என்று இருந்ததால் அண்ணன் தம்பி என்று மாமியார் நினைத்ததாக எழுதியிருந்தீர்கள். அது மூப்பர் என்ற பொருளில் ஊழியத்தில் இருக்கும் ஆண்களுக்கு வழங்கும் பட்டம். பெண்களாக இருந்தால் ‘சிஸ்டர்’ என்று இருக்கும். பட்டம்தான் மூப்பர், வயது பதினெட்டு, பத்தொன்பது, இருபது. பையன்கள் இரண்டு வருஷம், பெண்கள் பதினெட்டு மாதம் வீட்டை விட்டு வந்து இதைச் செய்கிறார்கள். சம்பளம் இல்லை, செலவுக்குத் தாங்களோ குடும்பமோதான் பணம் கட்டவேண்டும். முன்பெல்லாம் வருஷத்துக்கு இரண்டு முறைதான் அம்மாவோடு தொலைபேசியில் பேச முடியும். 2019-லிருந்துதான் வாரம் ஒருமுறை பேச அனுமதி. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் அவர்கள் முகம் மலர்வதில் வேஷம் ஒன்றும் இல்லை.

அவர்கள் பல மனைவிகள் கட்டிக்கொள்பவர்கள் என்று கணவரின் நண்பர் சொன்னது பழைய கதை. 1890-ல் சபைத் தலைவர் அதைக் கைவிடுவதாக அறிவித்தார். இன்று அப்படிச் செய்தால் சபையிலிருந்தே நீக்கிவிடுவார்கள். வெளியே சில சிறு குழுக்கள் அதைத் தொடர்கின்றன, அவர்கள் வேறு.

என்ன கொடுக்கலாம்

நம் சமையலில் பெரும்பாலானவற்றுக்கு எந்தத் தடையும் இல்லை. இட்லி, தோசை, சாம்பார் சாதம், பொங்கல் எல்லாம் சாப்பிடுவார்கள். அசைவமும் சாப்பிடுவார்கள். இறைச்சியைக் குறைவாக உண்ணுங்கள் என்று அதே ஞான வார்த்தையில் இருக்கிறது, ஆனால் நடைமுறையில் அதை யாரும் காபி அளவுக்குக் கறாராகப் பார்ப்பதில்லை. நீங்கள் சைவமாகவே போடலாம், குறையாக நினைக்கமாட்டார்கள்.

குடிக்க நீர்மோர், பானகம், ரோஸ்மில்க், ஹார்லிக்ஸ், பூஸ்ட், பால் எல்லாம் சரி. மசாலா டீ கூடாது, பால் எவ்வளவு சேர்த்தாலும் அது டீதான். துளசி, ஆவாரம்பூ, எலுமிச்சைப் புல் போட்டுக் கொதிக்கவைத்தால், தேயிலை சேராதவரை குடிப்பார்கள். சுக்கு மல்லிக் காபி அருமையான தேர்வு, ஒரே ஒரு எச்சரிக்கையோடு: சில வீடுகளில் மணத்துக்காகக் கொஞ்சம் காபித்தூள் சேர்ப்பார்கள், அது வேண்டாம். கருப்பட்டிக் காபிக்கும் இதே சந்தேகம் உண்டு. பெயரில் ‘காபி’ இருப்பதால் கொடுக்கும் முன்பே ‘இதில் காபி இல்லை, சுக்கும் கொத்தமல்லி விதையும்தான்’ என்று சொல்லிவிடுங்கள். கேக், ஐஸ்கிரீம் வாங்கினால் காபி சுவையோ ரம்மோ சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு உபவாசம். இரண்டு வேளை, தண்ணீர்கூட இல்லாமல் இருந்து, அந்தச் சாப்பாட்டுக்கு ஆகும் பணத்தை ஏழைகளுக்குக் கொடுப்பார்கள். அன்றைக்கு மதியம் கூப்பிட்டுவிட்டு, வரவில்லையே என்று இன்னொரு மனக்கசப்பு வேண்டாம். கிருத்திகை விரதம் இருக்கும் உங்கள் மாமியாருக்கு இதைச் சொன்னால் அந்தப் பையன்கள் மேல் மதிப்புக் கூடும்.

விதிகளைவிட எனக்குக் கவலையாக இருப்பது வேறு இரண்டு விஷயங்கள். முதலாவது ஒவ்வாமை. முந்திரி, நிலக்கடலை ஒத்துக்கொள்ளாத இளைஞர்கள் இங்கே நிறைய. பொங்கலில் முந்திரி, சட்னியில் கடலை, கட்டிப் பெருங்காயத்தில் கோதுமை மாவு என்று நமக்கே தெரியாமல் சேர்வது பல. சமைக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். இரண்டாவது நம் உபசாரம். கொடுத்ததை மறுக்காமல் சாப்பிடவேண்டும் என்று அவர்கள் பழகியிருப்பார்கள். அதனால் காரத்தில் கண் கலங்கினாலும் தட்டைக் காலி செய்வார்கள். அடுத்த வீட்டில் இரவுச் சாப்பாடு காத்திருந்தாலும் நீங்கள் ஆறாவது தோசை வைத்தால் அதையும் முழுங்குவார்கள். தயிரைப் பக்கத்தில் வையுங்கள். “போதுமா?” என்று ஒருமுறை கேட்டு, போதும் என்றால் விட்டுவிடுங்கள். காபி விஷயத்தில், “ஒரு வாய்தானே, யாருக்குத் தெரியப்போகுது” என்று மட்டும் எப்போதும் சொல்லவேண்டாம். அன்பால் சொல்வதுதான், ஆனாலும் ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளையை அவன் கொடுத்த வாக்குக்கும் உங்கள் மனசுக்கும் நடுவே நிறுத்திவிடும்.

‘பார்க்கலாம்’ என்ற பதில்

உங்கள் வீட்டுச் சண்டைக்குக் காரணம் காபியும் இல்லை, தோசையும் இல்லை. அந்த ஒரு பதில்தான்.

நம் ஊரில் ‘பார்க்கலாம்’ என்றால் வேண்டாம் என்று அர்த்தம். சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். யார் மனமும் புண்படாமல் பேச்சு முடிந்துவிடும். நீங்கள் அதையே ஆங்கிலத்தில் சொன்னபோது அந்தப் பையன்கள் காதில் விழுந்தது வேறு. அடுத்த வாரம் வரலாம், இவர்களுக்கு ஆர்வம் இருக்கிறது என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் நீங்கள் சிரித்த முகத்தோடு தோசை வார்த்தீர்கள். அவர்கள் திரும்பத் திரும்ப வந்ததில் தந்திரம் இல்லை. நீங்கள் கூப்பிட்டதாகவே நினைத்துத்தான் வருகிறார்கள்.

உங்கள் கணவரின் பயத்தையும் நான் தள்ளிவிடமாட்டேன். அந்த இளைஞர்கள் ஊருக்கு வந்திருப்பதே சபைக்கு ஆள் சேர்க்கத்தான், அதை அவர்களே மறைக்கமாட்டார்கள். பனி அள்ளிக் கொடுத்தது நிஜமான உதவி. அதற்குப் பதிலாக நீங்கள் எதுவும் செய்யவேண்டியதில்லை. புத்தகத்தை வாங்கிக்கொண்டது எதற்கும் சம்மதம் ஆகாது, வைத்துக்கொள்ளலாம் அல்லது திருப்பிக் கொடுத்துவிடலாம். சோறு போட்டதும் சம்மதம் ஆகாது. ஆனால் ‘வீட்டுக்குள் விட்டால் மாற்றிவிடுவார்கள்’ என்பது சரியில்லை. அவர்கள் விதிப்படியே, மணமானவர் ஞானஸ்நானம் பெறக் கணவன் அல்லது மனைவியின் சம்மதம் வேண்டும். பதினெட்டு வயது ஆகாத பிள்ளைக்குப் பெற்றோர் அனுமதி வேண்டும். நீங்கள் இருவரும் வேண்டாம் என்னும்வரை உங்கள் மகனை யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

உங்கள் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. அடியோடு வரவேண்டாம் என்று சொல்லலாம். பாடத்தையும் கேட்டுப் பார்க்கலாம், கேட்பதில் தப்பில்லை, ஆனால் கணவருக்கு விருப்பம் இல்லாதபோது உங்கள் வீட்டில் அது தினமும் ஒரு சண்டையாகும். நான் சொல்வது மூன்றாவது வழி. சாப்பாடு உண்டு, பாடம் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவது. ஆனால் இதற்கு உங்கள் கணவர் மனதார ஒத்துக்கொள்ளவேண்டும். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் முதல் வழியையே எடுங்கள். வாசலில் வந்து நிற்கும் பையன்களைவிட உங்கள் வீட்டு அமைதி முக்கியம்.

சொல்லும்போது வாசலில் நின்று, கணவரும் பக்கத்தில் இருக்க, ஒரே மூச்சில் சொல்லுங்கள்: “நாங்கள் இந்துக்கள். எங்கள் வழிபாட்டில் எங்களுக்கு நிறைவு இருக்கிறது. மதம் பற்றிய பாடமோ பிரார்த்தனையோ எங்கள் வீட்டில் வேண்டாம், மகனிடமும் அதைப் பற்றிப் பேசவேண்டாம். மாதம் ஒரு சனிக்கிழமை சாப்பிட வாருங்கள், சந்தோஷமாகச் சமைத்துப் போடுகிறோம்.” இதில் ‘இப்போதைக்கு’, ‘பிற்பாடு’, ‘கொஞ்சம் பிஸி’ என்று எதையும் சேர்க்காதீர்கள். தெளிவாக வேண்டாம் என்று கேட்டுப் பழகியவர்கள் அவர்கள், ஒரு நாளைக்குப் பத்துப் பேர் சொல்லியிருப்பார்கள். உங்கள் பதிலுக்காக ஒவ்வொரு வாரமும் ஒரு மாலையை ஒதுக்கி வந்துகொண்டிருப்பதுதான் அவர்களுக்கும் கஷ்டம்.

இன்னொன்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் சந்திக்கும் வீடுகளைக் குறித்துவைப்பார்கள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றம் இருப்பதால் இந்த இருவரில் ஒருவர் போய் வேறொருவர் வரலாம், அவருக்கு உங்கள் பேச்சு தெரியாது. ‘இந்த வீட்டில் பாடம் வேண்டாம் என்று குறித்துவையுங்கள்’ என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியும் புதியவர் வந்தால் பொறுமையாக மறுபடி சொல்லவேண்டியதுதான்.

சட்டமும் விசாவும்

நான் வழக்கறிஞர் இல்லை, ஆனால் இந்தப் பயத்தோடு என்னிடம் வரும் மூன்றாவது பெண் நீங்கள். ஆகவே அடிப்படையைச் சொல்கிறேன். மதப் பிரசாரத்துக்காக வீடு வீடாகப் போக முன்அனுமதி வாங்கவேண்டும் என்று ஒஹையோவில் ஸ்ட்ராட்டன் என்ற சிற்றூர் போட்ட விதியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2002-ல் செல்லாது என்று சொன்னது. அந்த வழக்கைத் தொடுத்தவர்கள் யெகோவாவின் சாட்சிகள், இவர்கள் வேறு சபை. ஆகவே கதவைத் தட்டுவது அவர்கள் உரிமை. திறக்காமல் இருப்பது, பேசமாட்டேன் என்பது, போகச் சொல்வது உங்கள் உரிமை. அந்தத் தீர்ப்பே இதையும் சொல்கிறது. வாசலில் அறிவிப்புப் பலகையும் வைக்கலாம். போகச் சொன்ன பிறகும் போகாமல் நின்றால்தான் சட்டப் பிரச்சினை, அதுவும் அவர்களுக்கு. இந்த இளைஞர்களிடம் அப்படி ஒன்றை நான் கண்டதில்லை.

விசாவுக்கும் சபைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. குடியுரிமை அலுவலகத்தில் எந்த மதப் போதகருக்கும் பங்கு கிடையாது. இந்தப் பயத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

அக்கம்பக்கம் பற்றி உண்மையைச் சொல்லவேண்டும். பெரும்பாலானோர் எப்போதும் போலவே பழகுவார்கள். பாடம் வேண்டாம் என்று தெரிந்ததும் வந்துபோவதைக் குறைத்துக்கொண்ட ஓரிருவரையும் நான் பார்த்திருக்கிறேன், அது வலிக்கத்தான் செய்யும். அப்படி ஆனால் நீங்களே ஒரு தட்டில் முறுக்கோ அதிரசமோ எடுத்துக்கொண்டு போய் நில்லுங்கள். ஸ்பானிஷ் ஃபோர்க்கில் இருக்கும் கிருஷ்ணர் கோயிலின் ஹோலிக்கு ப்ரோவோவிலிருந்து எவ்வளவு மாணவர்கள் வந்து குவிகிறார்கள் என்று ஒருமுறை போய்ப் பாருங்கள். வண்ணப்பொடி பூசிக்கொண்டு ஆடுபவர்களில் பெரும்பாலோர் இந்தச் சபைப் பிள்ளைகள். மது இல்லாத திருவிழா என்பதால் பெற்றோரும் தயங்காமல் அனுப்புகிறார்கள். அந்தக் கோயில் கட்ட இந்தச் சபையும் பணம் கொடுத்திருக்கிறது. இந்த ஊரில் உங்கள் சாமியோடு, உங்கள் சாப்பாட்டோடு வாழ இடம் இருக்கிறது.

மகனிடம்

அவன் கைகளைக் கட்டிக் கண்ணை மூடுவதைப் பார்த்துப் பதற வேண்டாம். பள்ளியில் நண்பர்கள் செய்கிறார்கள், சாப்பிட வந்த அண்ணன்கள் செய்தார்கள், அவனும் செய்கிறான். அடக்கினால் அது ரகசியமாகும். “சாப்பாட்டுக்கு முன்னாடி நன்றி சொல்றது நல்ல பழக்கம்டா, நம்ம வீட்டுல எப்படிச் சொல்லுவோம்னு பாட்டியைக் கேளு” என்று மாமியாரிடம் அனுப்புங்கள். ஊரில் இலையைச் சுற்றித் தண்ணீர் தெளிப்பதையும் காக்கைக்குச் சோறு வைப்பதையும் அவர் சொல்லட்டும். அவருக்கும் இந்த ஊரில் ஒரு வேலை கிடைத்த மாதிரி இருக்கும். சவுத் ஜார்டனில் இருக்கும் பிள்ளையார் கோயில் உங்களுக்குப் பக்கம்தான், அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்கள் ஏன் காபி குடிப்பதில்லை என்று கேட்டால் எம்மா தரை துடைத்த கதையையும் சொல்லுங்கள். அடுத்தவர் நம்பிக்கையை மரியாதையாகச் சொல்லித்தரும் வீட்டில் பிள்ளைக்குத் தன் நம்பிக்கை மேல் சந்தேகம் வருவதில்லை என்பது இத்தனை வருஷ ஆலோசனையில் நான் பார்த்தது.

இந்தச் சனிக்கிழமையே பேசிவிடுங்கள். பேசி முடித்ததும் அவர்கள் முகம் கொஞ்சம் வாடும், அப்போது உங்கள் மாமியார் சுக்கு மல்லியோடு வரட்டும். சுக்கைத் தட்டி, கொத்தமல்லி விதையை லேசாக வறுத்துப் பொடித்து, இரண்டு மிளகு, பனங்கருப்பட்டி போட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டினால் போதும். மிளகை இரண்டுக்கு மேல் போடவேண்டாம் என்று சொல்லுங்கள், அவர்களுக்குப் பழக்கம் இருக்காது. அதே டபரா டம்ளரில், அதே நுரையோடு ஆற்றியே கொடுக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்